தொரட்டி உச்சியில் ஆண்டெனா

வானத்தில் போகும் விமானங்களைத் திரையில் காட்டும் தன் ரேடியோ பெட்டிக்கு இன்னும் உயரமான கம்பம் வாங்கச் சின்னராசு போளூர் போயிருந்தார். மகள் நிவேதாவை வழியனுப்பச் சென்னைக்குக் கிளம்பிய அவர் மனைவி காந்தா, காலண்டர் தாளைக் கிழித்துப் பேனா பதியப் பதிய எழுதினாள்:

"சாமை அரிசிச் சோறு குண்டான்ல இருக்கு. கொழம்ப சுட வெச்சிக்கோங்க.

ஒங்களக் கேக்காம நிவேதா துபாய் வேலைக்கு ஒத்துக்கினான்னு, ஏர்போர்ட்டுக்கு வரமாட்டேன்னுட்டீங்க. நான் புளி உலுக்குற தொரட்டிய எடுத்து ஆண்டெனா கட்டினீங்களே, என்னக் கேட்டீங்களா? அதையும் தகரக் கூரைக்குப் பின்னாடி நட்டா சிக்னல் எப்புடிப் பிடிக்கும்? கெழக்குப் பக்கம் மாத்திக் கட்டிட்டேன். இப்போ மெட்ராஸ்ல கெளம்புற ஏரோப்ளேன்கூடத் தெரியுது.

ஒரு வாரமா கூரை மேலயே குந்திக்கினு இருக்கீங்களே, இன்னாத்துக்கு? அவ போற ஏரோப்ளேன் தெரியணும்னுதான? எனக்கு இன்னா, கண்ணு அவிஞ்சா போச்சு?

நீங்க பொட்டியில அவளப் பாப்பீங்க. அவ யாரப் பாப்பா?"

தாளில் இடம் தீர்ந்தது. ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

"ஏரோப்ளேன் நாளைக்கு சாயங்காலம்தான். வெள்ளச் சட்டைய இஸ்திரி போட்டு மாட்டியிருக்கேன். வரும்போது சாவிய பக்கத்து வூட்டு ஈஸ்வரிகிட்ட குடுத்துட்டு வாங்க."