அண்ணன் முகத்தில் முளைத்தது

ஸ்ரீரங்கம், ஆடி வெள்ளி, இரவு

அம்மாவின் சிறுநீரகத்தைப் பெற்ற அண்ணனுக்கு மூக்கிலும் காதிலும் வெள்ளை முட்கள் முளைத்திருக்கின்றன. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரையால் வந்த அபூர்வமான தோல் நோய் என்கிறார் டாக்டர். ஆனால் மாத்திரையை நாமாக நிறுத்தினால் சிறுநீரகம் போய்விடும்.

அம்மாவோ அம்மை என்று வாசலில் வேப்பிலை செருகி, மாத்திரையை ஒளித்துவிட்டாள்.

"சமயபுரத்தா இறங்கியிருக்கறப்ப மருந்து குடுக்கக் கூடாதுடி."

"கிட்னி போயிட்டா, மிச்சமிருக்கற உன்னோடதையும் குடுப்பியா?" என்றேன்.

அம்மா மாத்திரையை எடுத்துவந்தாள். அண்ணன் முகத்து முட்களைப் பார்த்துக் கைகூப்பினாள். "தாயே, புள்ளைக்கு இதைக் குடுக்கட்டுமா?"

கண்மூடிக் கிடந்த அண்ணன், "குடு" என்றான்.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு ஊட்டினாள். அவன் விழுங்கினான். எனக்கு உயிர் வந்தது.

விளையாட்டுக்குத்தானே அப்படிச் சொன்னாய் என்று சாப்பிடும்போது அவனிடம் கேட்டேன்.

"நான் எங்க பேசினேன்?" என்றான்.