லிசாந்த்ரோ தூங்காத நவம்பர்

நவம்பர் 4, செவ்வாய்
பகலில் லிசாந்த்ரோவுக்கு நல்ல தூக்கம். வாசலில் லாரி போனாலும் சரி, பக்கத்து வீட்டில் இரும்பு அறுத்தாலும் சரி, பிஷப் மாதிரி வயிற்றைத் தூக்கிக்கொண்டு தூங்குகிறான். அசுன்சியோன் நகரம் முழுக்க விளக்கு அணைந்ததும் எழுந்துவிடுகிறான். இன்று உற்றுப் பார்த்தேன். வழுக்கை, சிவந்த முகம், சதா கோபம் — அப்படியே என் மாமனார். என் வயிற்றிலிருந்தா இந்த ஆள் வந்தார்?

நவம்பர் 6
மிர்த்தா அக்கா வந்து குழந்தையின் மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டினாள். "கண்ணு பட்டிருக்குடி."
"இந்த மூஞ்சியப் பாத்து யாருக்கா பொறாமப்படுவாங்க?" என்றேன். சிலுவை போட்டுக்கொண்டாள்.
கயிறு கட்டிய கையை ஆட்டி ஆட்டி விடியும்வரை அழுதான்.

நவம்பர் 9
என் கணவன் டெர்லிஸ் தூங்குகிறான். பேருந்து ஓட்டுகிறவன் தூங்கத்தான் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காதுக்குள் பிள்ளை அலறும்போதா? நேற்று சந்தேகம் வந்து அவன் பக்கத்தில் குனிந்து மெதுவாகச் சொன்னேன்: "உன் பைக்க எவனோ தள்ளிட்டுப் போறான்."
ஜட்டியோடு தெருவுக்கு ஓடினான்.
திரும்பி வந்தவன் என் முகத்தைப் பார்த்தான். போர்வைக்குள் போய்விட்டான். நடிகன்!

நவம்பர் 10
டெர்லிஸோடு நான் பேசவில்லை. மரவள்ளிக்கிழங்கை உப்பில்லாமல் வேகவைத்துக் கொடுத்தேன். ஒரு குறையும் சொல்லாமல் தின்றான்.

நவம்பர் 13
இதை எழுதலாமா? எழுதிவிடுகிறேன்.
நேத்து ராத்திரி பிள்ள அழுகைய நிறுத்தவே இல்ல. பால் குடுத்தாச்சு, துணி மாத்தியாச்சு, தோள்ல போட்டு நடந்தாச்சு — திடீர்னு பாக்குறேன், என் கை அவன இறுக்கிப் பிடிச்சிருக்கு. உலுக்கிடுவேன்னு தோணுச்சு. தோணுச்சு, அவ்வளவுதான். தொட்டில்ல போட்டேன். கதவச் சாத்திட்டு வெளிய மாமரத்தடியில போய் உக்காந்துட்டேன்.
கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. எனக்கு மூச்சு நின்றது. ஓடினேன். டெர்லிஸ் பிள்ளையைக் கொதிக்கும் பானையைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அதற்குள் மறுபடி ஆரம்பித்துவிட்டது, இன்னும் பலமாக.
"எங்கடி போன?"
"அவன ஏதாவது செஞ்சிடுவேனோன்னு பயமா இருந்துச்சு."
திட்டுவான் என்று நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டான். "நான் தூக்கினா இன்னும்தான் கத்துறான். அதான் தூங்குற மாதிரி... அசிங்கமா இருந்துச்சு எனக்கு."
பிள்ளை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நவம்பர் 15, சனி
நாளை டெர்லிஸுக்கு விடுமுறை. "பாலப் பிழிஞ்சு வச்சிட்டு நீ அக்கா வீட்டுக்குப் போய்ப் படு," என்றான். சொல்லிவிட்டு, கழுவிய பாட்டிலையே மறுபடி மறுபடி கழுவினான். பார்க்காதது போலக் கிளம்பிவிட்டேன்.

நவம்பர் 16
பிணம் மாதிரி தூங்கினேன். காலையில் வந்தால் டெர்லிஸ் நாற்காலியில் விழித்தபடி, கண் இரண்டும் தக்காளி. வெற்று மார்பில் பிள்ளை கவிழ்ந்து கிடந்து குறட்டை விடுகிறான்.
"எப்படி?"
"எந்தப் பாட்டுக்கும் மசியல. கடைசியில எங்க டெப்போ மேனேஜரத் திட்ட ஆரம்பிச்சேன். அவன் பரம்பரையில ஒருத்தர விடல. அப்படியே இவன் கண்ண மூடித் தூங்கிட்டான்."
"இவன் பேசுற முத வார்த்தையே அதாத்தான் இருக்கப்போகுது!"
மாதா மன்னிக்கட்டும். பிரசவத்துக்குப் பிறகு இன்றுதான் சிரித்தேன்.

நவம்பர் 22
டெர்லிஸ் மதிய ஷிப்டுக்கு மாறிவிட்டான். அதே மேனேஜரிடம் பல்லை இளித்து வாங்கியிருக்கிறான். இப்போது காலையில் தூங்கலாம் என்பதால் நடுராத்திரி அவனுக்கு, விடியற்காலை எனக்கு. லிசாந்த்ரோ திருந்திவிடவில்லை. அழுகையைப் பங்கு போட்டுக்கொண்டோம், அவ்வளவே.

டிசம்பர் 7, ஞாயிறு
நாளை காக்குப்பே ஊர் மாதா திருவிழா. பக்தர்களை ஏற்றிக்கொண்டு டெர்லிஸ் போய்விட்டான், நாளைதான் வருவான். பிள்ளை என் கையில் தங்கமாட்டேன் என்கிறான். என் பாலைக் குடித்துவிட்டு, அப்பன் இல்லையென்று என்னிடமே ஒப்பாரி. நன்றி கெட்டவன்!
வேறு வழியில்லாமல் அழுக்குக் கூடையிலிருந்து டெர்லிஸின் வேலைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். டீசல், வியர்வை, அக்குள் நாற்றம் — குமட்டியது. லிசாந்த்ரோ அதில் மூக்கைப் புதைத்தான். பெருமூச்சு விட்டான். தூங்கிவிட்டான்.
தொட்டிலில் போட்டாயிற்று. சட்டையை நான் இன்னும் கழற்றவில்லை.