ஏறிப் பார்க்காத பூஜ்யங்கள்

அக்டோபர் 3, வியாழன்

காலை 8.30. மழை 6.4 மி.மீ.

ஊர் ஊராக நாங்கள் அளந்து அனுப்பும் மழையைக் காட்டும் மழைப்படத்துக்கு மூன்றாவது புகார் எழுதினேன். இணையத்தில் என் வீட்டுக்கான புள்ளியை இன்னும் ஏரிக்கு நடுவில்தான் காட்டுகிறார்கள். போதாததற்கு, நான் எட்டரைக்கு அனுப்பும் கணக்கு 3.00 என்று தெரிகிறது. வெளிநாட்டு நேரமாம். ராசிபுரத்துக்காரி ஒருத்தி விடியற்காலை மூன்று மணிக்கு ஏரிக்குள் நின்று மழை அளக்கிறாள் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

படத்தைக் கவனித்துக்கொள்ளும் பெண் மோகனப்பிரியா, “சரி பண்ணிர்றோங்க்கா” என்று பதில் போட்டாள். போன மாதமும் இதையேதான் சொன்னாள். ரவிக்கையில் கால் அங்குலம் தப்பினாலே என் வாடிக்கைக்காரிகள் வாசலில் வந்து நிற்பார்கள். இவர்களுக்கு மூன்று கிலோமீட்டர் தப்பினாலும் கவலையில்லை.

தீபாவளிக்கு முப்பத்தெட்டு ரவிக்கை பாக்கி.

அக்டோபர் 5, சனி

8.30. மழை இல்லை. 0.

அப்புசாமி அண்ணன் போன் செய்தார். நாலு கிலோமீட்டர் தள்ளி, ஜவ்வரிசி ஆலையில் காயப்போடும் களத்தைப் பார்த்துக்கொள்கிறவர். அவரை மழைப்படத்தில் சேர்த்துவிட்டதே நான்தான். நேற்றுக் கல்யாணத்துக்குப் போய்விட்டாராம், அளக்கவில்லையாம். “பூஜ்யம்னு போட்டுரட்டுங்களா அம்மணி, வானம் வெளுப்பாத்தான இருந்துச்சு?” என்றார்.

கூடாது என்றேன். ஏறிப் பார்த்து ஒன்றும் இல்லை என்றால்தான் பூஜ்யம். பார்க்கவே இல்லை என்றால் ‘அளக்கவில்லை’. இரண்டும் ஒன்றல்ல என்று பத்து நிமிடம் வகுப்பெடுத்தேன். மனுஷன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

ஆறு வருடமாக எனக்கு ஒரு நாள்கூட விட்டுப்போனதில்லை. கொஞ்சம் கர்வம்தான்.

அக்டோபர் 7, திங்கள்

8.30. 11.2 மி.மீ.

மத்தியானம் என் வீட்டுக்காரர் போன் செய்தார். இவர் வேலை செய்யும் ரிக் வண்டி ராய்ப்பூர் பக்கம் நிற்கிறதாம். போர் போடும் வேலை அடுத்த வைகாசி வரை இருக்கிறதாம். நான் தீபாவளிக்கு எந்த ரயில் என்று கேட்டேன்.

“வரல உஷா. இங்கயே ஊடு, குடும்பம்னு ஆயிப்போச்சு. மூணு வருசமாச்சு. இனி அங்க வரமாட்டேன்” என்றார்.

“அப்ப தீபாவளிக்கு எடுத்த உங்க சட்டைத்துணிய என்னங்க பண்றது?” என்று கேட்டேன்.

அதைத்தான் கேட்டேன். அவரும் யோசித்துவிட்டு, யாருக்காவது கொடுத்துவிடு என்றார். பிறகு இரண்டு ரவிக்கைக்கு ஊக்கு வைத்தேன். கை ஒழுங்காகத்தான் வேலை செய்தது.

அக்டோபர் 8

8.30க்குப் போனில் அளக்கச் சொல்லும் மணி அடித்தது. மழைமானி இருக்கும் மாடிக்குப் போகவில்லை.

‘அளக்கவில்லை’யை அமுக்கினால் காரணம் கேட்கிறது. பயணம், உடல்நலமின்மை, கருவி பழுது, வேறு. எதை அமுக்குவது? வேறு என்றால் எழுதச் சொல்கிறது. 0 என்றால் ஒன்றும் கேட்பதில்லை. ஒரே அமுக்கு.

0.

அக்டோபர் 9

0.

அக்டோபர் 13

கொடியில் போட்ட துணியெல்லாம் நனைந்திருந்தது. பிழிந்து உள்ளே போட்டேன். அதற்கப்புறம் 0 என்று அமுக்கினேன். ஈரக் கையோடுதான் அமுக்கினேன். ஒன்றும் தோன்றவில்லை.

அக்டோபர் 16

ராத்திரி பலத்த மழையாம். ரவிக்கை வாங்க வந்த பொன்னாத்தாள் சொன்னாள். “உங்களுக்குத் தெரியாததாக்கா? நீங்கதான அளக்கறவங்க.” ஆமாம் என்று சொல்லி வைத்தேன். இவர் எப்போது வருகிறார் என்றும் கேட்டாள். ரயில் கிடைக்கவில்லை என்றேன்.

0.

அக்டோபர் 22, செவ்வாய்

இருபத்தொன்பது ரவிக்கை முடிந்தது. சோறு வடிக்கிறேன், தைக்கிறேன், படுக்கிறேன்.

மோகனப்பிரியா நீளமாக எழுதியிருக்கிறாள். என் புள்ளி இரண்டு வாரமாகப் பூஜ்யமே காட்டுகிறதாம். சுற்றிலும் நல்ல மழை. நான் முன்பு புகார் செய்ததெல்லாம் நியாயம்தான் என்றும், நான் அனுப்பும் எண்ணைப் படம் எங்கேயோ தொலைக்கிறது போலிருக்கிறது என்றும், மன்னிக்கச் சொல்லியும் எழுதியிருக்கிறாள். பிழையை மூன்று நாளாகத் தேடுகிறாளாம்.

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். நான் பதில் போடவில்லை.

அக்டோபர் 23

விஷயம் அதோடு நிற்கவில்லை.

பதினாறாம் தேதி அப்புசாமி அண்ணன் 61 மி.மீ. அனுப்பியிருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரே பழைய நிலையம் என்னுடையது. ஆறு வருடம் பிசகாதது. அதனால் படம் தானாகவே என் பூஜ்யத்தை நம்பி, அவர் எண்ணுக்குச் சிவப்பில் ‘சந்தேகம்’ என்று போட்டுவிட்டது. அதற்கப்புறம் அவர் அனுப்பியது எல்லாமே சிவப்பு.

மழை அளக்கிறவர்களின் குழுவில் அவர் குரல்பதிவு போட்டிருந்தார். “களத்துல வேலை செய்யற பொம்பளைங்க எல்லாம் சிரிக்கறாங்கோ. மழையிலயும் பொய் சொல்ற ஆளுங்கறாங்கோ. உஷா அம்மணி ஊட்ல ஒரு சொட்டு இல்லையாம், எனக்கு மட்டும் எப்படிங்க பெய்யும்? எனக்கே இப்ப சந்தேகமா இருக்குதுங்க. மழை டப்பாவக் கழட்டிர்லாம்னு இருக்கறேன்.”

இரண்டு தடவை கேட்டேன். அவர் கோபப்பட்டுத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் ஏன் ஏறவில்லை என்று கேட்பார்களே. பதினாறு நாளாக எதற்கு வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்? ரயில் கிடைக்கவில்லை, ரயில் கிடைக்கவில்லை — இன்னும் எத்தனை பேரிடம் சொல்வது?

0.

அக்டோபர் 26, சனி

அப்புசாமி அண்ணன் குழுவை விட்டுப் போய்விட்டார். படத்தில் அவர் புள்ளி இருந்த இடம் வெறுமையாக இருக்கிறது.

நான் செய்த காரியம் இது. என் வீட்டுக்காரர் செய்ததல்ல.

அக்டோபர் 27, ஞாயிறு

மாடி ஏறினேன்.

மழைமானியின் உள்குழாய் நிறைந்து, வெளிப்பாத்திரத்திலும் தண்ணீர். மேலே பாசி. குழாய் கொள்வது 25 மி.மீ. ஐந்து முறை நிரப்பிக் கொட்டினேன். ஆறாவது தடவை 23.6. மொத்தம் 148.6.

எந்த நாளில் எவ்வளவு என்று இனி யாராலும் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே தண்ணீர். தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெயில் ஏறி முதுகு சுட்ட பிறகுதான் இறங்கினேன்.

படத்தில் ‘அளக்கவில்லை, வேறு’ என்பதை அமுக்கி எழுதினேன்: “அக்டோபர் 8 முதல் நான் மாடி ஏறவில்லை. அனுப்பிய பூஜ்யம் எல்லாம் பொய். 27 காலை வரை மொத்தமாக 148.6. அப்புசாமி அனுப்பியது அத்தனையும் சரி. என் கணவர் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு இனி வரமாட்டேன் என்றார். அதனால் ஏறவில்லை. படத்தில் பிழை இல்லை.”

அக்டோபர் 28

காலையில் மோகனப்பிரியா போன் செய்தாள். “அக்கா, காரணம் எழுதற இடம் எங்களுக்கு மட்டும்தான் தெரியணுமுங்க. புள்ளியத் தொட்டா எல்லாத்துக்கும் தெரியற மாதிரி இருந்திருக்குது. நேத்திருந்து நூத்தி நாப்பது பேர் பாத்திருக்கறாங்க. இப்பவே எடுத்துர்றேனுங்க்கா.”

ஆக, பிழை இருந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் பயந்துவிட்டாள்.

“அப்புசாமி அண்ணன் பாத்துட்டாருங்களா?” என்று கேட்டேன்.

“தெரியலீங்க்கா.”

“அப்ப அவரு பாக்கற வரைக்கும் இருக்கட்டும்.”

அக்டோபர் 30, புதன்

பொன்னாத்தாள் மீதி ரவிக்கைக்கு வந்தாள். ரயிலைப் பற்றிக் கேட்கவில்லை. எங்கள் வீட்டுத் தேங்காய் என்று இரண்டை வைத்துவிட்டுப் போனாள். என் குறிப்பைப் படித்திருக்கிறாள்.

சாயங்காலம் அப்புசாமி அண்ணன் வந்தார். வண்டியை நிறுத்திவிட்டு வாசலிலேயே நின்றார். “உள்ள வாங்கண்ணா” என்றேன். உட்கார்ந்தார். என் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். குழுவை விட்டுப் போன பிறகும் டப்பாவைக் கழற்றவில்லையாம், தினமும் அளந்திருக்கிறார்.

“தேதிவாரியா இருக்குதுங்க அம்மணி. நாலு கிலோமீட்டருதான, பெருசா வித்தியாசம் இருக்காது. இதப் பாத்து உங்க நூத்தி நாப்பத்தெட்டப் பிரிச்சுப் போட்டுக்கோங்க. ஆறு வருசக் கணக்கு, எதுக்கு ஓட்டையா நிக்கணும்?”

நான் பொய்யன் ஆக்கிய மனுஷன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“வேண்டாங்கண்ணா. அது உங்க ஊர் மழைங்க. எனக்கு அந்த இருபது நாள் தெரியாது. தெரியாதுன்னே இருக்கட்டும்.”

“சரி சாமி” என்றார். காபி குடித்துவிட்டுப் போனார்.

நவம்பர் 1, வெள்ளி

அப்புசாமி அண்ணனின் எண்களிலிருந்து சிவப்பை எடுத்துவிட்டார்கள். என் நிலையத்துக்கு ‘புதியது, சோதனையில்’ என்று போட்டிருக்கிறார்கள். நியாயம்தான். நான்தான் அப்படிப் போடச் சொன்னேன். என் குறிப்பையும் எடுத்தாயிற்று. எட்டாம் தேதி முதல் இருபத்தேழு வரை ஒரே சாம்பல் பட்டை, ‘அளக்கவில்லை’.

சட்டைத்துணியை எடுத்து விரித்து அளந்தேன். இரண்டேகால் மீட்டர். ரவிக்கைகளுக்கு உள்துணியாகப் போகும்.

நவம்பர் 3, ஞாயிறு

8.30. ஏறிப் பார்த்தேன். 0.