விழாதோர் வகுப்பில் ஒரே ஆம்பளை

ஜூலை 3, வியாழன்

விழவில்லை. உட்கார்ந்தேன். முதலில் இதை எழுதிவிடுகிறேன், பிறகு ஆளுக்கொன்று சொல்வார்கள்.

வெயிலில் கூவட்டும் என்று காலையில் என் மணிப்புறாக் கூண்டைக் கயிறு இழுத்துக் கம்பத்து உச்சிக்கு ஏற்றினேன். சரியாக நிற்கிறதா என்று அண்ணாந்து பார்த்தபடியே பின்னால் நடந்தேன். பின்னால் சாக்கடை. அது அங்கே இருப்பது எனக்குத் தெரியாததல்ல, வெட்டியவனே நான்தான்.

பக்கத்து வீட்டம்மா இபு முர்சினா வேலிக்கு மேல் தலையை நீட்டினார்.

"பாக் தார்யோ, சாக்கடைக்குள்ள என்ன பண்றீங்க?"

"புறாவைப் பாக்கறேன்."

"அங்கேர்ந்து நல்லாத் தெரியுதா?"

நான் எழுந்து சாரத்தை உதறுவதற்குள் சேதி ஜகார்த்தா போய்விட்டது. முர்சினாவின் வாட்ஸாப் குழுவுக்கு முன்னால் எக்ஸ்பிரஸ் ரயிலெல்லாம் மாட்டுவண்டி. உடனே மகன் பாஸ்கோரோ கூப்பிட்டான்.

"அப்பா, இந்த வருஷத்துல இது ரெண்டாவது. இன்னொரு தடவை விழுந்தீங்கன்னா, ஆகஸ்ட் பதினேழு சுதந்திர தினத்துக்கு வர்றப்போ உங்களைக் கையோட கூட்டிட்டு வந்துடுவேன். அதுவரைக்கும் அந்த முதியோர் உடற்பயிற்சி வகுப்புக்குப் போங்க."

அவன் வீடு இருபத்திரண்டாவது மாடியில். கம்பம் நட ஒரு கைப்பிடி மண் கிடையாது. லிஃப்டில் எதிரே நிற்கிறவன் கதவைப் பார்த்துக்கொண்டே செத்தும் போவான், பேசமாட்டான். அங்கே நான் என்ன செய்வேன்? போகமாட்டேன். இந்தப் புர்வோகெர்த்தோ ஊரை விட்டு நகரமாட்டேன்.

ஓடுகிற ரயிலில், வளைவிலும் பாலத்திலும் கைப்பிடியைத் தொடாமல் நின்று டிக்கெட் பரிசோதித்தவன் நான். எனக்குப் போய் வகுப்பு!

ஜூலை 8, செவ்வாய்

போனேன். வட்டார மண்டபம். 'முதியோர் விழாமல் இருக்க உடற்பயிற்சி' என்று துணியில் எழுதிக் கட்டியிருக்கிறார்கள், ஊரே படிக்கிற மாதிரி.

சுற்றிலும் பெண்கள். ஆம்பளை நான் ஒருத்தன்.

"மத்த ஆம்பளைங்க எங்கே?" என்று கேட்டேன்.

"பாதிப் பேர் காப்பிக் கடையில. பாதிப் பேர் கல்லறையில," என்றார் முர்சினா.

சுகாதார நிலையத்திலிருந்து வரும் டீச்சர் பெயர் லிந்தாங். சின்னப் பெண். வாய் நிறைய என்னைத் "தாத்தா" என்கிறாள். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். நாற்காலியைப் பிடித்துக்கொள்ளலாம் என்றாள். ரயில் கதையைச் சொல்லி, பிடிக்காமல் நின்றேன். கதை முடிவதற்குள் பக்கத்து நாற்காலி இபு துமினியின் மடியில் இருந்தேன்.

அவர் ஊரிலேயே பெரிய உருவம், அதனால் யாருக்கும் சேதமில்லை. தரையைத் தொடாததால் இது விழுந்த கணக்கில் வராது. முர்சினாவிடமும் தெளிவாகச் சொல்லிவிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

இன்று வழவழ ஓடுகளின் மேல் காலுறையோடு பயிற்சி. சோப்புத் தண்ணீரில் கோழிகளை விட்டதுபோல் இருந்தது.

"இதுல நடந்தாத்தான் விழுவீங்க! எல்லாரும் ரப்பர் அடி வெச்ச ஷூ போடணும்," என்றாள் லிந்தாங்.

அந்த மண்டபத்தில்தான் பாய் விரித்துத் தொழுகிறோம், விருந்து வைக்கிறோம். உள்ளே செருப்போடு நடந்தவர் எவருமில்லை. ஆனாலும் டீச்சர் முகத்துக்கு நேரே முடியாது என்று எப்படிச் சொல்வது? "சரிங்க டீச்சர்" என்று கோஷ்டியாகச் சொன்னோம். அடுத்த கணமே என்ன நிறம் என்று சண்டை ஆரம்பித்துவிட்டது, ஏனென்றால் சீருடை இல்லாமல் இந்த ஊரில் நாலு பேர் கூடி இருமக்கூட மாட்டார்கள்.

ஜூலை 22, செவ்வாய்

கத்தரிப்பூ நிறம். ஷூவும் சீருடையும். எனக்கும்.

எல்லோரும் புது ஷூ போட்டு ஊர்வலம் மாதிரி மண்டபத்துக்கு நடந்தோம். வாசல் வந்ததும் குனிந்து, கழற்றி, படியில் அழகாக அடுக்கிவிட்டு, காலுறையோடு உள்ளே போனோம்.

லிந்தாங் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "எதுக்கு வாங்கினீங்க?"

"நீங்கதானே சொன்னீங்க," என்றார் துமினி, மனம் நொந்து.

நானும் கழற்றினேன். ஏன் கழற்றினேன்? எனக்கே தெரியவில்லை, கை தானாகப் போய்விட்டது.

அப்போதுதான் வட்டாரத் தலைவர் எங்களைப் பாராட்டிப் படம் எடுக்க வந்தார். படியெல்லாம் ஷூ. கால் வைக்க இடம் தேடினார், கிடைக்கவில்லை. விழாதோர் வகுப்பின் வாசலில் குப்புற விழுந்தார். தலைவராயிற்றே, யாரும் சிரிக்கவில்லை. மொத்த வகுப்பும் கூரையில் பல்லி தேடியது. "உங்களுக்கெல்லாம் குனிஞ்சு வணக்கம் வெச்சேன்," என்றார். நல்ல மனிதர். அடுத்த தேர்தலிலும் அவருக்குத்தான் என் ஓட்டு.

ஜூலை 29, செவ்வாய்

விழுந்தேன்.

எல்லா ஷூவும் ஒரே நிறமானால் யாருடையது எது என்று யாருக்குத் தெரியும்? யாருடையதையோ மாட்டிக்கொண்டு வந்தேன். பெரிசு. என் வாசலுக்குள் நுழைந்ததும் குதி நழுவி, முட்டி ரெண்டும் தரையில்.

எழுந்திரிக்க முடியல. கையை ஊணிப் பாத்தேன் — முடியல. கத்தவும் முடியாது, கத்தினா ஜகார்த்தா. அப்படியே தரையில கெடந்தேன். மேலே புறா அதுபாட்டுக்குக் கூவிட்டிருக்கு. இப்படியேதான் கெடப்போமோ, யாராவது வந்து பாக்குறப்போ என்ன கோலத்துல இருப்போமோன்னு... பயந்துட்டேன். எழுத வெக்கமாத்தான் இருக்கு. பயந்துட்டேன்.

ஊர்ந்துபோய்க் கம்பத்தைப் பிடித்து ஒருவழியாக எழுந்தேன்.

மாலையில் பாஸ்கோரோ வீடியோவில் வந்தான். முகத்தை மட்டும் காட்டினேன். யாரும் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் விழவில்லை என்றுதானே அர்த்தம்?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

லிந்தாங்கைத் தனியாக ஒதுக்கிக் கேட்டேன். "என் சிநேகிதர் ஒருத்தர். கீழே விழுந்தா எழுந்திரிக்கத் தெரியலைங்கறார்."

தனியாகக் கேட்டதை வகுப்புக்கே பாடமாக்கிவிட்டாள். "விழுந்தவுடனே துள்ளி எழுந்திரிக்கக் கூடாது. மொதல்ல மூச்சு. எங்கேயும் பெருசா வலி இல்லேன்னா பக்கவாட்டுல உருளணும். முட்டி போடணும். நாற்காலிகிட்ட தவழ்ந்து போகணும். ரெண்டு கையையும் அது மேல வெச்சு, ஒரு காலை ஊணி எழுந்திரிக்கணும்."

மொத்த வகுப்பும் தரையில் உருண்டது. இப்போது எல்லோரும் ஷூவோடுதான். அடியைக் கழுவி, பெயர் எழுதி, மண்டப அலமாரியிலேயே வைத்துக்கொள்வதென்று முடிவாகிவிட்டது; வெளியே போகாத ஷூ செருப்பாகாதாம். இது இபு முர்சினாவின் தீர்ப்பு.

கிளம்பும்போது அவர் என் காதருகே வந்தார். "அந்தச் சிநேகிதருக்கு முட்டி காயம் ஆறிடுச்சா?"

"வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தீங்களா?"

"ஓடி வந்தேன். அதுக்குள்ள எழுந்துட்டீங்க. கவலைப்படாதீங்க, குழுவுல போடல."

ஒரு வாரமாக அந்த மனுஷி வாயைக் கட்டியிருக்கிறார்! சாயங்காலம் ஒரு தட்டு மெந்தோவான் பஜ்ஜி பொரித்து வேலிமேல் நீட்டினேன். "மாவு இன்னும் கொஞ்சம் தளர இருக்கணும்" என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் தின்றார்.

ஆகஸ்ட் 16, சனி

பாஸ்கோரோ வந்துவிட்டான். கையில் ரெண்டு பெட்டி. ஒன்று அவனுடையது. இன்னொன்று புதுசு, காலி.

"இந்த வருஷம் மூணாவது ஏதாவது உண்டா?" என்று கேட்டான்.

"சோறு ஆறுது," என்றேன்.

என் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். காலிப் பெட்டியை என் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தூங்கப் போனான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கொடியேற்றம் முடிந்ததும் வழக்கப்படி ஆண்களுக்கு நைட்டி போட்டுக் கால்பந்து. பாஸ்கோரோ மாட்டேன் என்றான், இழுத்துவிட்டார்கள். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற உடம்பு. துமினியின் பூப்போட்ட நைட்டி அவனுக்குத் தரையைக் கூட்டியது. பந்து வந்தது, உதைக்கப் போனான், தன் விளிம்பைத் தானே மிதித்தான்.

விழுந்த சத்தத்தில் எனக்கு உயிர் போய்விட்டது.

எழப் பார்த்தான். "அசையாதே!" என்று கத்தியது நானில்லை, எங்கள் வகுப்பு. கத்தரிப்பூச் சீருடையில் அத்தனை பெண்களும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். "மூச்சு விடு தம்பி!" "எங்கே வலிக்குது?" "கணுக்காலு மட்டுந்தானா?" "அப்போ உருளு! உருளு!" "அந்தப் பக்கம் இல்ல, இடது பக்கம்!"

நான் நாற்காலியைக் கொண்டுபோய் அவன் முன்னால் போட்டேன். "அவசரமில்லடா. அடிபட்ட காலை ஊணாதே. கையை இங்கே வை."

நைட்டியோடு தவழ்ந்து வந்து நாற்காலியில் ஏறினான். முகம் வெளுத்திருந்தது. சின்ன வயதில் பிடித்ததுபோல் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டான். நான் ஆடவில்லை. நன்றாக நின்றேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

எலும்பு முறிவு. மாவுக்கட்டு. சில வாரம் காலைத் தரையில் வைக்கக் கூடாது, பயணமும் கூடாது. முன்னறையிலேயே கணினியை வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறான். கட்டுப் போட்ட கால் அந்தக் காலிப் பெட்டியின் மேல் இருக்கிறது.

குளியலறைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனால் கூசுகிறான். இன்று கதவைச் சாத்திக்கொண்டு, "அப்பா, வெளியில நில்லுங்க," என்றான். கொஞ்சம் கழித்து, "தூரமாப் போயிடாதீங்க."

"இங்கேயேதான் இருக்கேன்."

சாயங்காலம் நானே ஜூலை இருபத்தொன்பதைச் சொல்லிவிட்டேன். தரையில் கிடந்ததையும் பயந்ததையும் சொன்னேன். கணினியை மூடிவிட்டு என் முட்டியைக் காட்டச் சொன்னான். பெட்டியைப் பற்றிப் பேசவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

ஊன்றுகோலோடு ரயிலேறினான். எனக்காக வாங்கிய பெட்டியில் தன் அழுக்குத் துணிகளை அடைத்துக்கொண்டு போனான். வீடு பெரிசாகிவிட்டது.

அக்டோபர் 14, செவ்வாய்

குளியலறைத் தொட்டியருகே சோப்பு நுரையில் விழுந்தேன். மூச்சு விட்டேன், உருண்டேன், முக்காலியைப் பிடித்து எழுந்தேன். அடியில்லை. தலை துவட்டியதும் பாஸ்கோரோவுக்கு நானே போன் போட்டேன்.

"விழுந்துட்டேன்டா."

ஜகார்த்தா என்று சொல்லப்போகிறான் என்று போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எந்தப் பக்கம் உருண்டீங்க?"

"வலது. இடப்பக்கம் தொட்டி."

"சரிதான்," என்றான். அப்புறம், சோப்பை வேறு எங்கே வைக்கலாம் என்று ரெண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தோம்.