மாடி வீடும் தூங்கும் சங்கமும்

ஜனவரி 14

அக்கா மார்லூஸ் வீட்டுப் பரணில் இன்னொரு குளிர்காலம். பரண் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். "விருந்தினர் அறை" என்று சொல்ல வேண்டும். நிமிர்ந்தால் தலை இடிக்கும் விருந்தினர் அறை. விவாகரத்தானபோது "ஒரு மாதம்தான்" என்று பெட்டியோடு வந்தேன். எந்த மாதம் என்று நானும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

இன்று அக்கா வீட்டுக்காரர் ஷூர்ட், குளிர்பெட்டியில் இருக்கும் சீஸ்களுக்குப் பெயர் ஒட்டியிருக்கிறார். ஒன்றில் "நாங்கள்". இன்னொன்றில் என் பெயர், "யோரின்". யோரின் சின்னத் துண்டு.

எனக்கு நாற்பத்தாறு வயது. ஒரு வீடு வேண்டும். என் சீஸ் பெயரில்லாமல் இருக்க ஒரு வீடு.

ஜனவரி 25

லொம்போக் பகுதியில் ஒரு மாடி வீடு பார்த்தேன். உட்ரெக்ட் நகரத்தில் இதைவிடச் சத்தமான இடம் ரயில் நிலையம் மட்டும்தான்.

விளம்பரத்தில் "உயிர்ப்பான தெரு" என்றிருந்தது. விடியுமுன் காய்கறி லாரி பின்னோக்கி வரும் என்று அர்த்தம். "பழமையின் அழகு" என்றால் தரை சாய்ந்திருக்கிறது. "அசல் படிக்கட்டு" என்றால் ஏணி. இழப்பீடு கேட்டு வருகிறவர்கள் சொல்வது உண்மையா என்று சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு, என்னிடமே கதை விடுகிறார்கள். ஆனாலும் அந்த முன்னறையில் வெயில் விழுந்திருந்தது. எதிர்க்கடை துருக்கி ரொட்டி வாசனை ஜன்னல் வழியே வந்தது. ஐயோ, வேண்டும் என்று தோன்றிவிட்டது. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு சுவரைத் தட்டிப் பார்த்தேன்.

விற்பவர் ஹெர்மீன், எழுபதைத் தாண்டியவர், தனியாள். காபி தந்தார். ஆளுக்கு ஒரு பிஸ்கட் எடுத்ததும் டப்பாவை மூடிவிட்டார். "முட்டி ஒத்துழைக்கலம்மா. இந்தப் படியில இனிமே முடியாது, அதான் விக்கிறேன்" என்றார். சொல்லிவிட்டு, தபால் வந்ததா என்று பார்க்கக் கீழே போய், விசில் அடித்துக்கொண்டே மேலே வந்தார்.

பிப்ரவரி 3

நான் கேட்ட விலைக்கு ஒப்புக்கொண்டுவிட்டார்! எனக்கு! அந்த வெயில் எனக்கு!

என் தரகர் டூகோ அவசரப்படுத்துகிறார். "நாளைக்கே கையெழுத்துப் போடுங்க. வாய்ப்பேச்சுக்கு இங்க மதிப்பில்ல. காகிதத்துல விழுந்தாத்தான் வீடு."

நான் விடவில்லை. ஒரே கூரையின் கீழ் இரண்டு வீடு இருந்தால் உரிமையாளர் சங்கம் ஒன்று இருந்தாக வேண்டும். இங்கேயும் இருக்கிறது, காகிதத்தில். கூட்டமில்லை, தலைவரில்லை, பொதுப் பணமில்லை. இப்படிப்பட்டதற்குத் தூங்கும் சங்கம் என்று பெயர். தூங்கும் சங்கத்தைக் கண்டால் வங்கி கடன் தர முகம் சுளிக்கும்.

"கடன் கெடைக்கலன்னா விலகிக்கலாம்னு ஒரு வரி சேத்துடலாம்" என்றார் டூகோ. "மொதல்ல கையெழுத்து."

"மொதல்ல சங்கம் எந்திரிக்கட்டும்."

குடைக்கும் காப்பீடு எடுப்பவள் என்று என் முன்னாள் கணவர் என்னைக் கேலி செய்வார். செய்யட்டும். நான் நனைந்ததில்லை.

பிப்ரவரி 8

சங்கம் ஏன் தூங்குகிறது என்று தெரிந்துவிட்டது. உறுப்பினர் இரண்டே பேர். மேலே ஹெர்மீன், கீழே வுப்போ என்ற ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். இருவரும் பேசிப் பல வருடமாகிறது. ஒரே வாசல் கதவு. ஒருவர் போன பிறகு மற்றவர் வருவாராம்.

ஹெர்மீன்: "அந்த ஆளோட ஒரே மேசையிலயா? நான் செத்தப்புறம் கூட்டம் போட்டுக்கங்க."

வுப்போ: "மகாராணி கீழ எறங்கி வந்தா நான் ஒண்ணும் ஓடிட மாட்டேன்."

என்ன சண்டை என்று கேட்டால், "அவருக்கே தெரியும்" என்கிறார் இவர். "எனக்கு என்ன தெரியும், அவங்களத்தான் கேக்கணும்" என்கிறார் அவர்.

பிப்ரவரி 12

தூது. மேலே போ, கீழே வா. முட்டி வலி இப்போது எனக்கு.

பிப்ரவரி 19

சனிக்கிழமை, வுப்போ வீட்டில், மாலை மூன்று மணிக்குக் கூட்டம். ஹெர்மீன் ஒரு நிபந்தனை போட்டார்: தன் காபியைத் தானே குடுவையில் கொண்டு வருவாராம்.

மார்லூஸ் சிரிக்கிறாள். "வீடு வாங்கப் போனியா, கல்யாணம் பேசப் போனியா?"

பிப்ரவரி 22

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

மேசையின் இரு முனையில் இருவரும். நடுவில் நான், மடிக்கணினியோடு. தன் குடுவைக் காபியைத் தான் குடிக்கும் ஒரு பெண்மணியையும், ஊற்றிய காபி ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரையும் வைத்துக்கொண்டு கூட்டம் தொடங்கியது. ஹெர்மீன் தலைவர், வுப்போ பொருளாளர். எதிர்ப்பவர் யாருமில்லை, எதிர்க்க வேறு ஆளும் இல்லை. பிறகு பதிவு செய்வதற்காக விவரம் கேட்டேன். முழுப்பெயர். பிறந்த தேதி.

"மார்ச் ஒம்போது" என்றார் ஹெர்மீன், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"மே" என்றார் வுப்போ.

"என் பொறந்தநாள் எனக்குத் தெரியாதா? மார்ச்!"

வுப்போ எழுந்து கழிப்பறைக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில், தெரிந்தவர்கள் பிறந்தநாளைக் குறித்து வைக்கும் நாட்காட்டி. டச்சுக்காரர்கள் எல்லார் வீட்டையும்போல அவர் வீட்டிலும் அது அங்கேதான் தொங்குகிறது. மே ஒன்பதில், அழுத்தமான எழுத்தில்: ஹெர்மீன், மேல்வீடு.

"நீங்கதான சொன்னீங்க, மேன்னு."

"மார்ச்னு சொன்னேன்! நீங்க வண்டி எஞ்சின் சத்தத்துலயே பாதி வாழ்க்கைய ஓட்டினவரு, காது எங்க கேக்கும்?"

அப்புறம் மெதுவாக வெளியே வந்தது. பல வருடம் முன்பு ஒரு மார்ச்சில், தன் பிறந்தநாளுக்கு, ஹெர்மீன் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஆப்பிள் கேக் செய்து காத்திருந்தார். எல்லாரும் வந்தார்கள். காலடியில் குடியிருக்கும் மனிதர் வரவில்லை. மே மாதம் அதே மனிதர் சீவிய தலையும் பூங்கொத்துமாக வந்து "வாழ்த்துகள்" என்றார். தன்னை நக்கலடிக்கிறார் என்று நினைத்து ஹெர்மீன் கதவைச் சாத்தினார். கதவு பூங்கொத்தின் மேல் பட்டதாம்.

"டூலிப் பூ" என்றார் வுப்போ. "மஞ்சள்."

பிறகு ஹெர்மீன் குடுவையை மூடித் தள்ளி வைத்தார். "உங்க காபி இன்னும் இருக்கா?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் அழுதேன். சங்கம் எழுந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை கையெழுத்து.

பிப்ரவரி 24

ஹெர்மீன் தொலைபேசியில் அழைத்தார். குரலில் அப்படி ஒரு குதூகலம். நல்ல சேதியாம்.

விற்கவில்லை.

"முட்டி...?" என்றேன்.

"படி ஏறி எறங்குறது முட்டிக்கு நல்லதாம். வுப்போ சொல்றாரு. சும்மா சொல்லுவானேன் யோரின், அந்த மனுசன் மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னுதான் போறதா இருந்தேன். இப்பத்தான் அது இல்லையே! எல்லாம் உன்னாலதான்."

எல்லாம் என்னால்தான்.

பிப்ரவரி 25

சீ! எனக்கு இதெல்லாம் தேவையா? யாரு கேட்டா என்னைய? கையெழுத்தப் போடுன்னாரு டூகோ. போட்டிருந்தா அவங்க சமாதானமானா என்ன, கட்டிக்கிட்டா எனக்கென்ன? வீடு என்னோடதா இருந்திருக்கும். இல்ல, எனக்குச் சங்கம் எந்திரிக்கணும்! பதிவு பண்ணணும்! பொறந்த தேதி வேணும்!

டூகோ எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்குக் கூலி வாங்குகிறவர்போல இருந்தார்.

மார்ச் 9

ஹெர்மீன் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டிருந்தார். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். போனேன். இப்படிப்பட்ட அழைப்பை மறுக்க என்ன காரணம் சொல்வது, உங்கள் வீட்டைப் பார்த்தால் வயிறு எரிகிறது என்றா?

நாற்காலிகள் வட்டமாக. இந்த ஊர் வழக்கப்படி வந்தவர்கள் எல்லாரும் எல்லாருடைய கையையும் பிடித்து வாழ்த்தினார்கள். என் கையையும். "இவதான் எங்களைச் சேத்து வெச்சவ" என்று அறிமுகம். வுப்போ பூங்கொத்தோடு வந்தார், அதுவும் சரியான மாதத்தில். நான் கட்டில் போட அளந்து வைத்திருந்த மூலையில் உட்கார்ந்து ஆப்பிள் கேக் சாப்பிட்டேன்.

கேக் நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஏப்ரல் 17

அதே தெருவில், மீன்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் ஒரு வீடு. இதுவும் கிழடு. வெயில் உண்டு, ஆனால் காலையில் மட்டும். விற்பவர் பாஸ்டியான் என்ற இளைஞர், கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"உங்ககிட்ட மறைக்கல" என்றார். "கீழ்வீட்டுல திருமதி டெ கிராஃப். நான் நடந்தா சத்தமாம். செருப்புக் கழட்டினாலும் சத்தமாம்."

"சங்கம்?" என்றார் டூகோ, என்னைப் பார்க்காமல்.

"அது நல்லா முழிச்சிட்டுத்தான் இருக்கு. வருசத்துக்கு ஒரு கூட்டம். ரெண்டு பக்கமும் வக்கீலோட."

எல்லாம் ஒழுங்காகப் பதிவாகியிருந்தது. வங்கிக்கு இதைவிட என்ன வேண்டும்?

பாஸ்டியான் பெருமூச்சு விட்டார். "நல்ல அம்மாதான். வேற யாராவது நடுவுல உக்காந்து பக்குவமாப் பேசுனா ஒருவேளை..."

"வேணாம்" என்றேன். "பேனா இருக்கா?"

ஏப்ரல் 24

கையெழுத்தாகிவிட்டது. வாங்குகிறவருக்கு மனம் மாற மூன்று நாள் அவகாசம் தருகிறது சட்டம். விற்கிறவருக்குத் தருவதில்லை. இந்த நாட்டுச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

ஆனாலும் அந்த மூன்று நாளும் மீன்கடைப் பக்கம் போகமாட்டேன். யார் யாரோடு சமாதானமானாலும் எனக்குத் தெரிய வேண்டாம்.

ஜூலை 1

இன்று சாவி கிடைத்தது. ஷூர்ட் பெட்டிகளை வண்டியில் ஏற்றினார், சற்று வேகமாகவே. அக்கா அழுதாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

அவர்கள் போன பிறகு படியேறும்போது கீழ்வீட்டுக் கதவு ஒரு விரல் அளவு திறந்தது. மூக்குக்கண்ணாடி மட்டும் தெரிந்தது.

"நீங்களும் அந்தப் பையன் மாதிரிதானா?"

"எந்த மாதிரிங்க?"

"நடக்குற மாதிரி."

பணிவாக ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தேன். காபி குடிக்க வாருங்கள், பிறந்தநாள் எப்போது — அப்படி எதுவோ நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன்.

"ஆமாங்க" என்றேன். "நடப்பேன்."

கதவு சாத்திக்கொண்டது. மேலே வந்தேன். அறையில் ஒரு நாற்காலிகூட இல்லை. காலணியைக் கழற்றாமல், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நிமிர்ந்து நடந்தேன். கீழே துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார்கள். என் தரையை இடிக்கிறார்கள். என் தரை! சிரித்துக்கொண்டே திரும்பி நடந்தேன்.