ஆளுநரின் வாழ்க்கை உனக்குப் பாடம்

கோப்பி மணம் வந்ததும் கதிரையின் நுனிக்கு நகர்ந்துவிட்டேன். சுவிஸில், வில் என்ற நகரின் கெமைன்டே எனும் நகரசபை அலுவலகத்தில், குடியுரிமை நேர்காணலுக்காகக் காத்திருக்கிறேன். மூலை மெஷினில் யாரோ கோப்பி எடுக்கிறார்கள். நீயும் நானும் அகதி விசாரணைக்குக் காத்திருந்த அறையிலும் இதே மணம்தான். எழுந்து வீட்டுக்கு ஓடிவிடலாமா என்றிருக்கிறது மச்சான்.

அன்று உனக்கு என்னைவிடப் பயம். அதை அடக்க உன்னிடம் ஒரு வழி இருந்தது. முன்னொரு காலத்தில் இலங்கையை ஆண்ட வெள்ளைக்கார ஆளுநர் ஒருவரின் வரலாற்றைப் பள்ளிக்கூடத்தில் சோதனைக்குப் பாடமாக்கியிருந்தாய், அதை முணுமுணுப்பாய். ஒரு தீவை ஆண்டுவிட்டு மாற்றலாகி வந்தார். கோப்பி மலைகளுக்குத் தெரு வெட்டுவித்தார். வரி விதித்தார். வரிக்கு எதிராய்க் குழப்பம் செய்த சனத்தைச் சுட்டு அடக்கினார். பிறகு இன்னொரு தீவுக்கு மாற்றலாகிப் போனார். முதுமையில் பட்டத்தோடு ஊர் திரும்பினார். தெருவுக்கும் சுட்டதற்கும் உன் குரல் ஒன்றுதான். இத்தனை கடல் தாண்டியவரை ஒரு துறைமுகத்திலும் மறித்து ஏன் வந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை என்றாய். அந்தப் பயத்திலும் சிரித்துவிட்டேன்.

உள்ளே அதிகாரி, உன் வாழ்க்கையைப் பிறந்ததிலிருந்து வரிசையாகச் சொல்லச் சொன்னாராம். நீ வாயைத் திறந்தாய், வந்தது ஆளுநர். மாற்றலையும் தெருவையும் வரியையும் மொழிபெயர்த்த தமிழ்ப்பெண், பாதியில் பேனாவை வைத்துவிட்டு உன்னையே பார்த்தாளாம். வெளியே வந்தபோது உன் சட்டை நனைந்திருந்தது.

"அவன்ரை வாழ்க்கை ஒழுங்காய் வருது மச்சான். என்ரை துண்டு துண்டாய்த்தான் வருது" என்றாய்.

என் முறை வந்தபோது அதிகாரி என்னிடம் அதிகம் கேட்கவில்லை. ஓம், இல்லை என்று சொல்லித் தப்பிவிட்டேன். உனக்கு இரண்டாம் விசாரணை வரும்வரை, இன்டர்லாக்கன் ஹோட்டலில் கோப்பை கழுவியபடி உன் துண்டுகளை நாம் வரிசைப்படுத்தினோம். வீடு எரிந்தது முன்பா, தம்பியைப் பிடித்துப் போனது முன்பா? நீ தடுமாறிய இடங்களில் நான் எடுத்துக் கொடுத்தேன். கதையில் தம்பி வரும்போதெல்லாம் உன் கைகள் தண்ணீருக்குள் அப்படியே நின்றுவிடும்.

கடைசியில் உனக்கு விசா கிடைத்தது. பயம் போகவில்லை. போன பனிக்காலத்தில் நெஞ்சு வலித்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், தாதி வந்து பெயரைக் கேட்க, நீ என் கையை இறுக்கிப் பிடித்தாய். அடுத்த நாள் போய்விட்டாய்.

இத்தனை வருடம் நான் குடியுரிமைக்கு எழுதிப் போடாதது சோம்பலால் என்று என் பிள்ளைகள் நினைக்கிறார்கள். இன்று காலை மகள் என் கொலரைச் சரிசெய்துவிட்டு, "பயப்பிடாதேங்கோ அப்பா, உங்களைப் பற்றித்தான் கேப்பினம்" என்றாள். அதுதான் பயம் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

கதவு திறக்கிறது. என் பெயரைக் கூப்பிடுகிறார்கள். ஆளுநரின் வாழ்க்கை எனக்கு முதலிலிருந்து முடிவுவரை தெரியும். உன்னுடையதும் தெரியும், தம்பி வரும் இடம் உட்பட. என்னுடையதை நாம் ஒருநாளும் பாடமாக்கவில்லை.