செவ்வாய் என்று நான் காட்டிய விளக்கு

சேசு மரி சூசை துணை

ராயபுரம்
29-8-1971

அன்பு மகள் பிலோமிக்கு நைனா எழுதுவது. சுகம் விசாரிக்கும் முன்னே என் மானம் போன கதையை நானே சொல்லிவிடுகிறேன், பக்கத்து வீட்டு லூர்து எழுதினால் கை கால் வைத்து எழுதுவான். நேற்று சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வானம் பார்க்கும் சங்கத்தில், பள்ளிக்கூட மொட்டைமாடியில் இருபது பேர் நடுவில், துறைமுகப் பக்கம் சிவப்பாகத் தெரிந்ததைக் காட்டி அதோ செவ்வாய் கிரகம் என்று கத்திவிட்டேன். அது கிரேன் உச்சியில் எரிகிற விளக்கு. நிஜச் செவ்வாய் அதற்கு வெகு மேலே சும்மா நின்றுகொண்டிருந்தது. இன்னா மாமு, முப்பது வருசம் நீ ஏறி எறங்கின கிரேனு, அதும்மேல கீற லைட்டு உனுக்கே தெர்லியா என்றான் லூர்து. தொலைநோக்கியைத் தன் கையாலேயே செய்த வாத்தியார் வேம்பு சார், இந்த வருஷம் செவ்வாய் பூமிக்குக் கிட்டத்தான் வந்திருக்கிறது, ஆனாலும் ஹார்பர் வரைக்கும் வரவில்லை என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

இங்கே நான் சுகம். நீயும் ஹென்றி மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே சுகம்தானே. இந்த வயதில் சங்கம் எதற்கு என்று கேட்பாய். உன் அம்மா இருந்தபோது ஜெபமாலை ஆரம்பிக்கிற ஆறு மணிக்கு நான் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்ததை லூர்து பார்த்துவிட்டு, வூட்லயே குந்திகினு இன்னா பண்ணப்போற என்று இழுத்துக்கொண்டு போனான். பெயரையும் அவனே எழுதிவிட்டான். நிலாவின் பள்ளங்களைப் பார்த்து எல்லோரும் அம்மாடி என்கிறார்கள், எனக்கு நம் வீட்டுச் சுவரில் காரை பெயர்ந்த இடம் மாதிரிதான் தெரிகிறது. அம்மாவை அடக்கம் செய்த அன்று நான் அழவே இல்லை என்று எழுதியிருந்தாய். வரவில்லை, அவ்வளவுதான். வெகுநேரம் சம்மணம் போட்டால் கால் மரத்துப் போகுமே, அப்படி. குழம்பில் உப்பு போட்டேனா என்பது தின்று முடித்த பிறகும் தெரிவதில்லை. தனியாக இருந்தால் எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து, வீட்டைக் காலி செய்துவிட்டு பிலாய்க்கே வந்துவிடு என்கிறாய். கிறிஸ்துமசுக்குக் கட்டாயம் வருகிறேன், ஆனால் திரும்பிவிடுவேன் மகளே. சனிக்கிழமை தொலைநோக்கி வரிசையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆளுக்கு ஒரு நிமிஷம். கிரேன் ஓட்டியவனுக்கு அதைவிடப் பெரிய உத்தியோகம் யார் கொடுப்பார்கள்.

குழந்தைக்கு என் ஆசீர், மாதா உங்கள் மூவரையும் காப்பாற்றட்டும். குளிர் வரும் முன்னே அம்மா பின்னிய ஸ்வெட்டரை வெயிலில் போட்டு எடு, மறந்துவிடாதே.

இன்னும் ஒன்று. நேற்று என் முறை வந்து செவ்வாயைப் பார்த்தேன், பார்த்துவிட்டு நகர்ந்தேன், ஆனால் அடுத்த ஆளை விடவில்லை. தேர் பார்க்கப் போனாலும் கப்பல் பார்க்கப் போனாலும் நான் முதலில் எட்டிப் பார்த்துவிட்டு, அம்மா குள்ளம் என்று அவளை முன்னே விட்டு ஒதுங்கி நிற்பேனே, அதே மாதிரி ஒதுங்கி ஒரு நிமிஷம் முழுக்க நின்றிருக்கிறேன். யாருக்காக நிற்கிறீர்கள் என்று வேம்பு சார் கேட்டார். கண்ணாடியில் தூசி என்றேன். அம்மாவைப் பெயர் சொல்லி, வியாகுலம், இப்ப நீ பாரு என்பது வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை.

உன் நைனா
ஸ்டானிஸ்லாஸ்